தாத்தாப்பூவும் எலிக்கூண்டும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் அல்சூர் ஏரிக்கரை நடைபாதையைப் பற்றி எழுதும்போது, வெட்டுக்காயப் பூண்டு என்று ஒரு செடியின் பெயரைப் போகிறபோக்கில் சொல்லிவைத்தேன். அவ்வளவுதான். அந்த ஒரு பெயருக்கு வந்த கடிதங்களே ஒரு பை நிறைந்துவிட்டன. ரோஜாத் தொட்டிக்கு உரம், கறிவேப்பிலையில் பூச்சி என்று கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை களை மட்டும்தான்.

திருவண்ணாமலையிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டார். நான் பஞ்சு தேடுவதற்குள் கீழே போய், நடைபாதை ஓரத்திலிருந்து ஏதோ இலையைப் பறித்துக் கசக்கிக் காயத்தின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். ரத்தம் நின்றுவிட்டது. மறுநாள் டாக்டர் அதைக் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டார். இருவரில் யார் சரி அம்மா? (அல்சூர் வாசகி)

உங்கள் மாமியார் பறித்தது வெட்டுக்காயப் பூண்டாகத்தான் இருக்கும். கிணற்றடிப் பூண்டு என்றும் சொல்வார்கள். தரையோடு படரும், இலை சொரசொரவென்று பல் பல்லாக இருக்கும். ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய காம்பு எழும்பி, அதன் உச்சியில் ஒரே ஒரு பூ. நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெளிறிய நான்கைந்து இதழ்கள். ஒவ்வொரு இதழின் நுனியையும் பாருங்கள், மூன்று பல் இருக்கும். ட்ரைடாக்ஸ் புரோகம்பென்ஸ் என்ற அதன் அறிவியல் பெயரிலேயே படுத்துக் கிடக்கும் குணம் இருக்கிறது.

எங்களுக்கு அது தாத்தாப்பூ. நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில். பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய மண் குன்று குன்றாக நிற்கும்; சயனைடு மலை என்போம். வேறு செடி தயங்குகிற அந்த அடிவாரத்திலும் தாத்தாப்பூ தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். காம்பை வளைத்துக் கழுத்தில் மாட்டிச் சுண்டினால் தலை பறக்கும், அதுதான் விளையாட்டு. அப்பா ஷிப்ட் முடிந்து கையில் கீறலோடு வந்தால், எங்கள் ஆயா இந்த இலையை வாயில் போட்டு மென்று அப்படியே காயத்தில் அப்பிவிடுவார். அந்த எச்சில் வைத்தியத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பிறகு பெங்களூருக்கு வந்து, ஒரு மருந்தியல் கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் ஆய்வக உதவியாளராக இருந்தேன். எலிக்கூண்டுகளும் என் பொறுப்பில்தான். 'காயத்தை ஆற்றுகிறது என்று நிரூபிக்கப்பட்டது' என்று பத்திரிகையில் ஒரு வரியில் போடுகிறார்களே, அதற்குப் பின்னால் நடக்கிற வேலையைச் சொல்கிறேன்.

மூன்று வகைக் காயம் உண்டு. முதலாவது, எலிக்கு மயக்கம் கொடுத்து முதுகில் சுமார் 500 சதுர மில்லிமீட்டர் தோலை எடுத்துவிடுவது. சில நாளுக்கு ஒருமுறை கண்ணாடித்தாளை மேலே வைத்து விளிம்பை வரைந்து, வரைபடத்தாளில் கட்டம் எண்ணிக் காயம் எவ்வளவு சுருங்கியது என்று குறிப்போம். இரண்டாவது, நீளமாகக் கீறித் தையல் போடுவது. பத்தாம் நாள் அந்தத் தழும்பு எவ்வளவு இழுவை தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கவ்வி, மறுபக்கம் காலிப் பாத்திரம். பாத்திரத்தில் தண்ணீரைச் சீராக விட்டுக்கொண்டே வந்து, எந்த எடையில் காயம் வாய் திறக்கிறதோ அதுதான் கணக்கு. தண்ணீரை நிறுத்தும் கை என்னுடையது. அந்த ஒரு நொடிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மூன்றாவது, தோலுக்கடியில் சின்னப் பொருள் ஒன்றை வைத்துவிட்டு, அதைச் சுற்றி வளரும் புதுச் சதையை எடுத்து ரசாயனப் பரிசோதனை செய்வது.

இந்தச் செடியை இப்படியெல்லாம் சோதித்த ஆய்வுகள் இந்தியாவிலேயே நடந்திருக்கின்றன. 1983இல் வந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் காயம் ஆறுவது மந்தமாகும். அப்படி மந்தமாக்கிய எலிகளுக்கு இந்தச் செடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். மேல்தோல் மூடுவதும் தழும்பின் வலுவும் மீண்டன. ஆனால் காயம் சுருங்குவதிலும் புதுச் சதை வளர்வதிலும் ஸ்டீராய்டு செய்த கெடுதலை அது மாற்றவில்லை. இரண்டில் பலித்தது, இரண்டில் பலிக்கவில்லை என்று அப்படியே எழுதிவைத்திருக்கிறார்கள். சர்வரோக நிவாரணி என்று சொல்கிற ஆய்வைவிட எனக்கு இதன்மேல் நம்பிக்கை அதிகம்.

1991இல் பிளாண்டா மெடிகா என்ற இதழில் இன்னொன்று வந்தது. லைசில் ஆக்ஸிடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. காயத்தில் புதிதாக உருவாகும் கொலாஜன் என்ற புரத இழைகளைக் குறுக்கே பிணைத்து இறுக்கும் வேலை அதனுடையது. ஓலையைப் பரப்பிவைத்தால் மட்டும் கூரை ஆகாது, வரிச்சில் கட்ட வேண்டும் இல்லையா, அந்தக் கட்டு இது. இந்தச் செடியின் சாரம் கொடுத்த எலிகளின் புதுச் சதையில் இந்த நொதியின் வேலை கூடியிருந்ததை அதில் காட்டினார்கள்.

அப்படியானால் மாமியார் ஜெயித்துவிட்டாரா? பொறுங்கள். எலியின் தோலுக்கு அடியில் மெல்லிய தசைப்படலம் ஒன்று உண்டு. சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தது போல, எலியின் காயம் பெரும்பாலும் சுருங்கியே மூடிவிடும். நம் தோல் அப்படிச் சுருங்காது. அடியிலிருந்து சதை நிரம்பி, ஓரத்திலிருந்து தோல் வளர்ந்து மூட வேண்டும். எலிக்கு வந்த பலன் விரலுக்கும் அப்படியே வரும் என்று எழுதிக்கொடுக்க முடியாது. அதோடு, மாமியார் இலையை வைத்து அழுத்திப் பிடித்தாரே, அதைக் கவனித்தீர்களா? சின்ன வெட்டுக்காயத்தை ஐந்து நிமிஷம் விடாமல் அழுத்தினால், வெறும் துணியாக இருந்தாலும் பெரும்பாலும் ரத்தம் நின்றுவிடும். அன்றைய பெருமையில் இலைக்கு எவ்வளவு பங்கு, மாமியாரின் கட்டைவிரலுக்கு எவ்வளவு பங்கு என்று யார் பிரிப்பது?

டாக்டரின் கோபம் வேறு காரணத்துக்காக இருக்கும். ஆய்வகத்தில் நாங்கள் செடியைக் கழுவி, உலர்த்தி, பொடித்து, சாரம் எடுத்து, வடிகட்டித்தான் பூசுவோம். ஏரிக்கரை நடைபாதைச் செடியில் எத்தனை நாய் காலைத் தூக்கியிருக்கிறது என்று காலையில் நடக்கப் போகிற எனக்குத் தெரியும். மண்ணில் ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமியின் வித்துகள் இருக்கும். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். காயம் ஆழமாக இருந்தாலோ, சர்க்கரை நோயாளியாக இருந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். ரணஜன்னி ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்றும் மாமியாரைக் கேளுங்கள்.

இந்த மூலிகையை 3000 வருஷத்துக்கு முன்பே சித்தர்கள் சொல்லிவைத்ததாக வாட்ஸ்அப்பில் வந்தது. அதைப் படித்துவிட்டு அப்பா ஒரு மாதமாகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தச் சாற்றைக் குடிக்கிறார். தொடரலாமா? (ஜாலஹள்ளி வாசகர்)

கூடாது. இந்த வாரமே அப்பாவை அவருடைய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், நிறுத்தியதை மறைக்காமல் சொல்லி, ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

இந்தச் செடியின் சொந்த ஊர் மெக்சிகோவும் அதற்குத் தெற்கே உள்ள வெப்பமண்டல அமெரிக்காவும். 1753இல் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்தபோது, மெக்சிகோவின் வெராகுருஸ் பகுதிச் செடி என்றுதான் எழுதினார். மிளகாய், கொய்யா, பப்பாளி போல அட்லாண்டிக் கடல்வழி திறந்த பிறகு உலகம் சுற்றியது. 3000 வருஷத்துக்கு முன் நம் ஊரில் இது இருந்திருக்க வழியில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் வேறு. ஊருக்குப் புதிதாக வந்த செடியைப் பார்த்து, கசக்கி, காயத்தில் வைத்து, பலன் இருக்கிறதா என்று கவனித்து, மகளுக்கும் மருமகளுக்கும் சொல்லிக்கொடுத்த பெண்கள் யாரோ இருந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தச் சுவடியிலும் இல்லை. அந்தப் பெருமையையும் பிடுங்கிச் சித்தர் கணக்கில் ஏன் எழுத வேண்டும்?

சர்க்கரைக்கு வருவோம். சாரம் கொடுத்து எலிகளுக்குச் சர்க்கரை குறைந்த ஆய்வுகள் இருப்பது உண்மைதான். அந்த எலிகளுக்கு எப்படிச் சர்க்கரை வந்தது? அலோக்சான் என்ற ரசாயனத்தை ஊசியில் ஏற்றி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்து வரவழைத்தது. உங்கள் அப்பாவுக்கு அப்படியா வந்தது? இன்னொன்றும் சொல்கிறேன். நைஜீரிய ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இலைச்சாரம் எலிகளின் ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் இறக்கியது. அப்பா ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால், இந்தச் சாறும் சேர்ந்து என்ன செய்யும் என்று யார் அளந்து பார்த்தார்கள்? மேலே பூசுவது ஒன்று, தினமும் டம்ளரில் குடிப்பது வேறு.

எங்கள் அடுக்ககத்தில் தோட்டக்காரர் மஞ்சள் பூப் பூக்கும் படர்செடியைப் பாத்தி முழுக்க நட்டிருக்கிறார். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்கிறார். கீரையாகச் சமைக்கலாமா? (ஒயிட்ஃபீல்டு வாசகி)

இலையைத் திருப்பிப் பாருங்கள். பளபளப்பாக, கோழிக்காலைப் போல மூன்று பிரிவாக இருக்கிறதா? அப்படியானால் அது ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபாட்டா. பெங்களூரில் அலுவலக வளாகம் ஒன்று விடாமல் தரையை மூட இதைத்தான் நடுகிறார்கள். நமக்குப் பழக்கமான மஞ்சள் கரிசலாங்கண்ணி இதன் ஒன்றுவிட்ட தங்கை. இலை நீளவாட்டாக இருக்கும், மூன்றாகப் பிரியாது. உங்கள் வீட்டுப் பாத்தியில் இருப்பதும் அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடிதான். கணுவுக்குக் கணு வேர்விட்டு, பக்கத்தில் எதையும் தலையெடுக்க விடாது. உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று வெளியான பட்டியலில் இதற்கு இடம் கிடைத்திருக்கிறது. கீரைக்கு வேண்டாம். வெட்டிய கொடியைத் தோட்டக்காரர் ஏரிக்கால்வாயில் கொட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும், துண்டு கிடந்தாலும் முளைத்துவிடும்.

பி.ஃபார்ம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வெட்டுக்காயப் பூண்டில் புராஜெக்ட் செய்ய ஆசை. எதிலிருந்து தொடங்குவது? (கே.ஆர்.புரம் மாணவர்)

செடி அதுதானா என்பதிலிருந்து தொடங்கு தம்பி. சிரிக்காதே. எங்கள் கல்லூரியில் ஒரு மாணவி கரிசலாங்கண்ணியைக் கொண்டு முடி வளர்ச்சி பற்றி ஆய்வு செய்ய, நாட்டு மருந்துக் கடையில் அதன் வடமொழிப் பெயரான பிருங்கராஜ் என்று கேட்டு இரண்டு கிலோ காய்ந்த செடி வாங்கிவந்தாள். சாரம் எடுத்து நான்கு மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் மிச்சத்தைச் சலித்துக்கொண்டிருந்தபோது சல்லடையிலிருந்து பஞ்சு பறந்தது. கரிசலாங்கண்ணி விதையில் பஞ்சு ஏது? லென்ஸில் பார்த்தால் இரண்டு மில்லிமீட்டர் விதை, தலையில் இறகுக் குஞ்சம். சாட்சாத் தாத்தாப்பூ. அந்தப் பெண் அன்று சாப்பிடவில்லை. கடைக்காரர்கள் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன், பல ஊர்களில் இதையே பிருங்கராஜ் என்று கொடுக்கிற பழக்கம் இருக்கிறது. கரிசலாங்கண்ணியைப் பச்சையாகக் கசக்கினால் கை கறுத்துப்போகும், அது நல்ல அடையாளம். காய்ந்துவிட்டால் விதைதான் காட்டிக்கொடுக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், தாத்தாப்பூவே முடியை வளர்க்கிறது என்று 1991இல் ஒரு தனி ஆய்வும் வந்திருக்கிறது. எந்தச் செடியின் புகழ் எந்தச் செடியின் கணக்கில் ஏறியது என்று சில நேரம் எனக்கே சந்தேகம் வரும்.

அதனால் பூவும் காயுமாக நீயே பறி. ஒரு மாதிரியை அழுத்தி உலர்த்தி, தாவரவியல் ஆளிடம் காட்டிப் பெயரை உறுதிசெய்து, எண் போட்டுக் கல்லூரியில் வை. களைக்கொல்லி அடித்த இடத்தில் பறிக்காதே. எலியைத் தொடுவதானால் கல்லூரியின் விலங்கு நெறிக்குழு அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. கிருமி வளர்த்த தட்டில் சாரத்தைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் வந்துவிட்டது என்று மட்டும் ஓடிவராதே. பினாயிலை விட்டாலும் வட்டம் வரும்! எவ்வளவு குறைந்த அளவில் கிருமி அடங்குகிறது, அதே அளவு மனித செல்லை என்ன செய்கிறது என்று பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் வைவாவில் உன்னை மதிப்பார்கள்.

நல்ல வேலை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், மெக்சிகோவின் யுகடான் பகுதி ஆய்வாளர்கள் செய்ததைத் தேடிப் படி. லீஷ்மேனியா ஒட்டுண்ணியால் வரும் தோல் புண்ணை மனதில் வைத்து, இதே செடியின் சாரத்தைப் பிரித்துப் பிரித்து, எந்தப் பகுதி ஒட்டுண்ணியை அடக்குகிறது என்று துரத்திக்கொண்டே போய், கடைசியில் ஒற்றைச் சேர்மத்தில் கை வைத்தார்கள். நம் ஊர்க் கட்டுரைகள் பலவற்றில் 'ஃபிளேவனாய்டு உள்ளது, டானின் உள்ளது' என்று அட்டவணை போட்டதோடு கதை முடிந்துவிடும். டீத்தூளிலும்தான் அவை உள்ளன.

ஹெசரகட்டா பக்கம் வீடு கட்டுகிறோம். காலி மனையில் பார்த்தீனியத்தைப் பிடுங்கியதில் கை, கழுத்தெல்லாம் அரித்துத் தடித்துவிட்டது. வெட்டுக்காயப் பூண்டுச் சாறு தடவலாமா? (எலகங்கா வாசகர்)

வேண்டவே வேண்டாம். இரண்டும் ஒரே சூரியகாந்திக் குடும்பம். பார்த்தீனியத்தில் உள்ள பார்த்தெனின் போன்ற பொருள்களுக்கு ஒருமுறை தோல் பகையாகிவிட்டால், அந்தக் குடும்பத்தின் வேறு செடிகளும் அரிப்பைக் கிளப்பலாம். தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவி, தோல் டாக்டரைப் பாருங்கள். இனி பிடுங்குவதானால் முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி போட்டுக்கொண்டு, பூக்கும் முன் பிடுங்குங்கள்.

ஹெசரகட்டா என்றதும் ஒரு கதை நினைவுக்கு வருகிறது. பார்த்தீனியம் 1950களின் நடுவில் புனேயில் தென்பட்டு, பிறகு நாடெங்கும் பரவியது. வெள்ளைத் தொப்பி போன்ற பூவைப் பார்த்துக் காங்கிரஸ் செடி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அதைத் தின்ன மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டை 1983இல் கொண்டுவந்து, உங்கள் மனைக்குப் பக்கத்தில் இருக்கும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் சோதித்து, 1984இல் பெங்களூரில் விட்டார்கள். சைகோகிராமா என்று பெயர். வெளிர் நிறம், முதுகில் பழுப்புக் கோடு, மழைக்காலத்தில் இலையைச் சல்லடையாக்கும். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, அதே வண்டு சூரியகாந்தி இலையையும் கடிப்பதாகச் செய்தி வந்தது. விவசாயிகள் கொதித்துப்போனார்கள். ஆராய்ந்ததில் தெரிந்தது என்ன தெரியுமா? பக்கத்துப் பார்த்தீனியத்தின் மகரந்தம் காற்றில் வந்து சூரியகாந்தி இலைமேல் படிந்திருந்தது. தூவிய பொடியின் ருசிக்காகத்தான் வண்டு இலையைக் கடித்திருக்கிறது. 1993இல் இதை வெளியிட்டார்கள். எங்கள் கல்லூரித் தேநீர் மேசையில் ஒரு வாரம் இதே பேச்சுதான்.

கொசுவுக்கு இந்தச் செடியைப் புகை போடலாமா? (விவேக் நகர் வாசகர்)

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் 2007இல் வெளியிட்டது இலையிலிருந்து ஆவியில் வடித்த எண்ணெயைப் பற்றி. தோலில் தடவியதில் மலேரியா கொசு சில மணி நேரம் விலகியது. புகை வேறு சமாசாரம். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஜன்னலுக்கு வலை அடியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் மகள், அங்கே இந்தச் செடி தடைசெய்யப்பட்ட களை என்கிறாள். நாமும் பிடுங்கிவிட வேண்டுமா? (ஜீவன்பீமா நகர் வாசகர்)

மகள் சொல்வது சரி. அமெரிக்க மத்திய அரசின் கொடுங்களைப் பட்டியலில் இது இருக்கிறது. விதை காற்றில் பறப்பதால் வயலில் புகுந்தால் தொல்லைதான். காய்கறிப் பாத்தியிலும் நாற்றங்காலிலும் முளைத்தால், பூ தலை நரைத்துப் பஞ்சாகும் முன் எடுத்துவிடுங்கள்.

வாசல் சிமெண்ட் வெடிப்பில் நிற்கும் ஒன்றிரண்டை நான் விட்டுவைப்பேன். நம் வீதியில் வேறு பூ இல்லாத நாட்களில் சின்ன நீல வண்ணத்துப்பூச்சிகள் அதில்தான் வந்து உட்காருகின்றன. போன வாரம் என் பேத்திக்குக் காம்பை வளைத்துச் சுண்டக் கற்றுக்கொடுத்தேன். முதல் தலை நேராகப் பக்கத்து வீட்டுக்காரரின் காபி டம்ளரில் போய் விழுந்தது.